ஸ்கை தீவில் இருவர் மட்டும் கல்யாணம்: காகிதம், காசு, காலக்கெடு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் ஸ்கை தீவில், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல் என்று நின்றுகொண்டு, மண்டபம், பந்தி, வரவேற்பு எதுவும் இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு இது. அழகான படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எந்தக் காகிதத்தை, யாரிடம், எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் ஒரே இடத்தில் கிடைக்காது. தமிழ்ப் பெயரும் இந்திய பாஸ்போர்ட்டும் உள்ளவருக்கு வரும் சிக்கல்களை வெள்ளைக்காரத் தம்பதிகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகள் தொடுவதே இல்லை. நான் அங்கும் இங்கும் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

சட்டம் இங்கே தாராளமானது. ஸ்காட்லாந்தில் கல்யாணம் செய்ய அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. பெற்றோர் சம்மதக் கையெழுத்து கிடையாது. வெட்டவெளியில், கடற்கரையில், மலைச்சரிவில் நடந்தாலும் செல்லும். இங்கிலாந்தில் இந்தச் சுதந்திரம் இல்லை. அதனால்தான் எல்லோரும் வடக்கே போகிறார்கள்.

1. சட்டப்படியா, சடங்குக்கு மட்டுமா?

முதலில் இதைத் தீர்மானியுங்கள். ஊரிலேயே பதிவுத் திருமணம் முடித்துவிட்டு, ஸ்கையில் சடங்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் கீழே சொல்லும் நோட்டீஸ், ஷெட்யூல் எதுவும் வேண்டாம். நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆனால் இரண்டையும் சட்டப்படி செய்ய முடியாது. ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் ஸ்காட்லாந்தில் மறுபடி 'திருமணமாகாதவர்' என்று படிவம் நிரப்பினால் அது பொய் அறிவிப்பு. வீட்டாரைச் சமாதானப்படுத்த அவசரமாக ஒரு பதிவை முடித்துவிட்டு, அப்புறம் ஸ்கையில் 'ஒரிஜினல் கல்யாணம்' என்று திட்டமிடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரே பாலினத் தம்பதிகளுக்கும் 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் திருமணம் சட்டபூர்வம். இந்தியாவில் அதற்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. தேதியும் நடத்தி வைப்பவரும்

மே மாதமும் செப்டம்பர் பின்பாதியும் நல்ல காலம். ஜூன், ஜூலையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்று ஆசை காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அதே மாதங்களில் மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சி இருக்கிறது. காற்றில்லாத, ஈரமான காலையிலும் மாலையிலும் மேகம்போல வந்து மொய்க்கும். முகத்தில் மேக்கப், தலையில் பூ, கையில் மாலை என்று நிற்கும்போது ஒரு கையால் கன்னத்தைத் தட்டிக்கொண்டே உறுதிமொழி சொல்ல வேண்டியிருக்கும். காற்று கொஞ்சம் வீசினால் பூச்சி காணாமல் போய்விடும். கோடையில்தான் வர முடியும் என்றால் காற்றோட்டமான கடலோர இடமாகப் பாருங்கள். டிசம்பரில் பூச்சி இல்லை, கூட்டமும் இல்லை. ஆனால் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். பாதி உணவகங்களும் மூடியிருக்கும்.

வாரத்தின் எந்த நாள் என்பதும் முக்கியம். புதன், வியாழன் வசதி. காரணம் 6ஆம் படியில் வருகிறது.

நடத்தி வைப்பவர் மூன்று வகை: அரசுப் பதிவாளர், மதகுரு, ஹியூமனிஸ்ட் போன்ற மதம் சாராத அமைப்புகளின் செலப்ரன்ட் (நிகழ்ச்சி நடத்துபவர்). மூவரில் யார் நடத்தினாலும் சட்டப்படி மதிப்பு ஒன்றே. ஹியூமனிஸ்ட் செலப்ரன்ட்கள் பெரும்பாலும் உங்கள் விருப்பப்படி நிகழ்ச்சியை அமைத்துத் தருவார்கள். தாலி கட்டுவது, மாலை மாற்றுவது எல்லாம் அதற்குள் அடங்கும். புரோகிதர்தான் வேண்டும் என்றால் ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேளுங்கள்: 'ஸ்காட்லாந்தில் திருமணம் நடத்த உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா?' லண்டன் கோயிலில் நூறு கல்யாணம் நடத்தியவராக இருந்தாலும் ஸ்காட்லாந்துச் சட்டம் வேறு. அவருக்குக் குறிப்பிட்ட தேதிக்கான தற்காலிக அனுமதியை ஸ்காட்லாந்துப் பதிவுத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே வாங்க வேண்டும். இல்லையென்றால் மந்திரம் எல்லாம் சொல்லி முடித்த பிறகும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் கல்யாணம் ஆகாதவர்கள்தான்.

செலப்ரன்ட் 'வருகிறேன்' என்று எழுத்தில் சொன்ன பிறகு விமான டிக்கெட்டைத் தொடுங்கள். அந்த மின்னஞ்சல் விசாவுக்கும் உதவும்.

3. விசா

சாதாரண சுற்றுலா விசாவில் வந்து பிரிட்டனில் கல்யாணம் செய்ய முடியாது. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டில் வெளியிலிருந்து வருபவருக்கு 'மேரேஜ் விசிட்டர்' விசா வேண்டும். விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களுக்கும், இ.டி.ஏ. என்கிற மின்னணுப் பயண அனுமதியை மட்டும் வாங்கி வருபவர்களுக்கும் இதே விதிதான்.

18 வயது முடிந்திருக்க வேண்டும். பயணத் தேதிக்கு 3 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 3 வாரத்தில் வரும். 2025 ஏப்ரலில் கட்டணம் 127 பவுண்டு. அடிக்கடி ஏற்றுவார்கள், விண்ணப்பிக்கும் அன்று பாருங்கள். அதிகபட்சம் 6 மாதம் தங்கலாம். கல்யாணம் ஆகிவிட்டது என்று அதே விசாவை வைத்து அங்கேயே குடியேற முடியாது. துணை பிரிட்டனில் இருக்கிறார், இனி சேர்ந்து வாழப் போகிறோம் என்பவர்களுக்கு இது தவறான விசா. அவர்கள் பார்க்க வேண்டியது வருங்காலத் துணைக்கான விசா.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை: செலப்ரன்டுடன் நடந்த கடிதப் போக்குவரத்து, பதிவாளர் அலுவலகத்தின் பதில், தங்குமிட முன்பதிவு, வங்கி அறிக்கை, வேலையில் விடுப்புக் கடிதம். கல்யாணத்துக்கு ஏதாவது முன்பணம் கட்டியிருந்தால் அந்த ரசீது நல்ல ஆதாரம்.

ஏற்கெனவே மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இந்த விசா வேண்டாம். ஆனால் வேறொரு சிக்கல் உண்டு. திருமண நோட்டீஸ் (4ஆம் படியில் வருகிறது) கொடுத்த பிறகு உள்துறை அலுவலகம் விசாரிக்க விரும்பினால், நோட்டீஸுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் உள்ள காத்திருப்புக் காலத்தை 70 நாள் வரை நீட்டலாம். எல்லோருக்கும் நீட்டுவதில்லை. நீட்டினால் உங்கள் தேதி போச்சு. ஆகவே இந்தப் பிரிவினர் கடைசி வாரம் வரை காத்திருக்காமல், அனுமதிக்கப்பட்ட முதல் வாரத்திலேயே நோட்டீஸைக் கொடுத்துவிடுங்கள்.

4. எம்10 படிவமும் பெயர்த் தலைவலியும்

இதுதான் மையம். மணமக்கள் இருவரும் தனித்தனியாக 'எம்10' என்ற திருமண நோட்டீஸைக் கொடுக்க வேண்டும். கல்யாணம் எந்தப் பகுதியில் நடக்கிறதோ அந்தப் பகுதிப் பதிவாளரிடம். ஸ்கை, ஹைலேண்ட் கவுன்சிலுக்குள் வருகிறது; தீவில் பதிவு அலுவலகம் போர்ட்ரீ ஊரில் இருக்கிறது. கிளாஸ்கோவில் வசிக்கிறீர்கள் என்பதற்காகக் கிளாஸ்கோவில் கொடுத்துப் பயனில்லை.

கணக்கு இப்படி. கல்யாணத் தேதிக்கு 3 மாதத்துக்கு முன் கொடுக்க முடியாது. 29 நாளுக்குக் குறைவாக இருந்தாலும் ஆகாது. 10 முதல் 12 வாரம் முன்பே கொடுப்பதுதான் பாதுகாப்பு. உதாரணமாகச் செப்டம்பர் 18 கல்யாணம் என்றால், ஜூன் 18க்கு முன் வாங்க மாட்டார்கள். ஜூன் கடைசி வாரத்திலிருந்து ஜூலை 10க்குள் கொடுத்துவிட்டால் நிம்மதி. ஆகஸ்ட் பாதியைத் தாண்டினால் கத்திமேல் நடை.

விசா விண்ணப்பமும் இதே ஜூன், ஜூலையில்தான் வருகிறது என்பதைக் கவனித்தீர்களா? இரண்டு இடமும் பாஸ்போர்ட் கேட்கும். விசா மையத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, பதிவாளருக்கு எதை அனுப்புவது என்று விழிக்க வேண்டாம். முதலில் பதிவாளருக்கு எழுதி, நகலை இப்போது ஏற்று அசலை நேரில் வரும்போது பார்ப்பார்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். விசா மையத்துக்குப் போகும் முன் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

எம்10 உடன் போக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், முகவரிச் சான்று. முன்பு மணமாகி விவாகரத்து ஆனவர் என்றால் இறுதித் தீர்ப்பு நகல். துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ். ஆங்கிலத்தில் இல்லாத எதற்கும் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு. பிரிட்டனுக்கு வெளியே வசிப்பவர் என்றால் 'திருமணத்துக்குத் தடையில்லை' என்ற சான்றிதழும் வேண்டும். பிரிட்டனில் 2 வருடமாக வசிப்பவர்களுக்கு இந்தக் கடைசிக் காகிதம் தேவையில்லை.

தடையில்லாச் சான்று என்ற பெயரிலேயே ஒன்றைத் தேடி ஊரில் அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் தாசில்தார் தரும் திருமணமாகாதவர் சான்றிதழ் இருக்கிறது. நோட்டரி முன் எழுதும் உறுதிமொழிப் பத்திரமும் இருக்கிறது. எதை ஏற்பார்கள், அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டிலும் செல்ல அரசு போடும் முத்திரை) வேண்டுமா என்பதைப் பதிவாளரிடமே முதலில் கேட்டு, அதன் பிறகு விண்ணப்பியுங்கள். தரகர்கள் சொல்வதை நம்பி முன்கூட்டியே வாங்கினால் இரண்டு முறை காசு போகும்.

இனிப் பெயர். என் பொறுமையைச் சோதித்தது இதுதான். நம் ஆட்களின் ஆவணங்களில் ஒரே மனிதர் மூன்று பேராக இருப்பார். பள்ளிச் சான்றிதழில் 'கே. ரமேஷ்', பாஸ்போர்ட்டில் 'ரமேஷ் குமாரசாமி', பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. தமிழ்நாட்டின் பழைய பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இல்லாமல் பெற்றோர் பெயரும் தேதியும் மட்டும் இருப்பது சகஜம். பதிவாளர் அதைப் பார்த்து, 'இது நீங்கள்தான் என்று எப்படித் தெரியும்?' என்று கேட்பார். நியாயமான கேள்வி.

அதனால் முதல் வேலையாகப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர் இல்லையென்றால், பிறப்பைப் பதிவு செய்த உள்ளாட்சி அலுவலகத்தில் பெயர் சேர்க்க விண்ணப்பியுங்கள். இதற்கு ஆகும் காலம் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். கல்யாணத் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பு. அப்பா பெயரின் எழுத்துக்கூட்டு பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரைக் கேட்பார்கள். நம் அம்மாக்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கும் இதே சங்கடம். நீங்களாக எதையாவது நிரப்பாமல், 'எங்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயர்தான் பின்னொட்டு' என்று ஒரு வரி எழுதி, எப்படி நிரப்புவது என்று கேளுங்கள். இப்போது நிரப்புவதுதான் திருமணச் சான்றிதழில் அப்படியே இறங்கும். விசா, பாஸ்போர்ட், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் என்று அது பின்னாலேயே வரும்.

இன்னொன்று. வீட்டில் யாருக்கும் தெரியாமல் செய்கிறோம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: நோட்டீஸ் கொடுத்ததும் உங்கள் பெயர்களும் கல்யாணத் தேதியும் பதிவாளர் அலுவலகத்தில் பொதுப் பட்டியலில் ஒட்டப்படும். போர்ட்ரீயில் போய் யார் பார்க்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம். ஆட்சேபம் எழுப்பினாலும் சட்டத் தடை இருந்தால்தான் செல்லும். சாதி, மதம், 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

5. இடம்

ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறைத்தூண் எல்லோர் படத்திலும் இருக்கும். அதற்குக் கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு மணி நேர ஏற்றம் இருக்கிறது என்பது படத்தில் தெரியாது. பட்டுப்புடவையில், மழையில், அந்த ஏற்றத்தை யோசித்துப் பாருங்கள். மேலே போய்ச் சேர்ந்த பிறகு மேகம் இறங்கினால் பத்தடி தள்ளி எதுவும் தெரியாது. குவிரேங்கில் பரவாயில்லை; நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே காட்சி கிடைக்கும், ஆனால் காற்று ஆளைத் தள்ளும். ஃபேரி பூல்ஸ் கோடையில் திருவிழாக் கூட்டம். தனிமை வேண்டி வருபவர்களுக்கு அது சரிப்படாது.

என் தேர்வு எல்கோல். கடல் மட்டத்திலேயே கரை, எதிரே கடலுக்கு அப்பால் கருங்கூலின் மலைத்தொடர், ஏற வேண்டிய அவசியமில்லை. மாலைச் சூரியன் வேண்டுமென்றால் மேற்கே பார்த்த டாலிஸ்கர் விரிகுடா. ஆனால் கடல் ஏறும்போது மணல் மறைந்துவிடும், கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து நேரம் குறியுங்கள். வயதானவர் யாராவது கூட வந்தால் ஸ்லிகாகன் பழைய கல்பாலம்: சாலையை ஒட்டியே இருக்கிறது, மழை வந்தால் பக்கத்து ஹோட்டலுக்குள் ஓடிவிடலாம்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. எந்த இடத்தில் கல்யாணம் என்பதை நோட்டீஸில் எழுதுகிறீர்கள். அதுவே பதிவாளர் தரும் திருமணத் தாளான ஷெட்யூலிலும் (6ஆம் படி) அச்சாகும். அன்று காலை மழை என்று பார்த்து, 'சரி, அந்தப் பக்கக் கரைக்குப் போய்விடலாம்' என்று நீங்களாக மாற்றிக்கொள்ள முடியாது. பதிவாளரிடம் சொல்லித் திருத்த வேண்டும். அலுவலகம் பூட்டியிருந்தால் வழியில்லை. நோட்டீஸ் கொடுக்கும்போதே மாற்று இடத்தையும் சொல்லி, அதை எப்படிக் கையாளுவது என்று பேசிவிடுங்கள்.

இருவர் போய் நிற்பதற்கு அனுமதி பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். நாற்காலி, வளைவு, ஒலிபெருக்கி என்று போனால் நில உரிமையாளரிடம் கேட்க வேண்டும். அக்னி வளர்க்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்: அங்கே தரை பெரும்பாலும் பீட் என்கிற கரிமண், அதன்மேல் தீ மூட்டக் கூடாது, உள்ளே கனிந்துகொண்டே பரவும். கண்ணாடிக் கூண்டு விளக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். அட்சதை, காகிதப் பூ எதையும் தூவ வேண்டாம்.

6. ஷெட்யூல்: அந்த ஒரு தாள்

எல்லாம் சரியாக இருந்தால் பதிவாளர் 'மேரேஜ் ஷெட்யூல்' தயாரிப்பார். செலப்ரன்டோ மதகுருவோ நடத்தும் கல்யாணம் என்றால் உங்களில் ஒருவராவது நேரில் போய் அதை வாங்க வேண்டும். கல்யாணத்துக்கு 7 நாளுக்கு முன் தர மாட்டார்கள். நண்பரையோ புகைப்படக்காரரையோ அனுப்பி வாங்க முடியாது. அரசுப் பதிவாளரே நடத்தினால் அவரே கொண்டு வருவார்.

வார நாளில், அலுவலக நேரத்தில், முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். சனிக்கிழமை கல்யாணம் வைத்து வெள்ளி மாலை தீவுக்குள் நுழைபவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். புதன், வியாழனில் வையுங்கள் என்று சொன்னது இதற்குத்தான்: திங்கள் வந்து சேர்ந்து, செவ்வாய் தாளை வாங்கிவிடலாம்; வியாழன் என்றால் நடுவில் ஒரு நாள் மூச்சும் விட்டுக்கொள்ளலாம்.

கையில் வாங்கியதும் அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தையும் படியுங்கள். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், இடம். பிழை இருந்தால் அப்போதே திருத்துவது சுலபம். அப்புறம் தண்ணீர் புகாத உறையில் போட்டுப் பையில் வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் செலப்ரன்ட் தொடங்க மாட்டார், தொடங்கவும் கூடாது.

16 வயது முடிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். யாரையும் அழைத்து வராதவர்கள் புகைப்படக்காரரையும் அவர் உதவியாளரையும் கேட்பது வழக்கம்; முன்பே சொல்லி வையுங்கள். நடத்தி வைப்பவர் சாட்சியாக முடியாது.

7. செலவு

இருவருக்கான நோட்டீஸ் கட்டணம், திருமணப் பதிவு, சான்றிதழ் எல்லாம் சேர்த்தும் விமான டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வராது. செலப்ரன்ட் சில நூறு பவுண்டு. நல்ல புகைப்படக்காரர் ஆயிரத்தைத் தாண்டுவார். நாள் முழுவதும் என்றால் இன்னும் கூடும். நான் சொல்வேன்: இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வையுங்கள். வந்தது இருவர், நாள் முழுக்க எடுக்க என்ன இருக்கிறது?

உண்மையில் காசைத் தின்பது தங்குமிடம். ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரை அறைகள் மாதக் கணக்கில் முன்பே நிரம்பிவிடும். பல வீடுகள் ஓரிரு இரவுக்குத் தருவதில்லை. தேதி முடிவான அன்றே பிடியுங்கள், விசா கிடைக்காவிட்டால் ரத்து செய்யக்கூடியதாக.

8. போய்ச் சேர்வது

இன்வர்னெஸ் விமான நிலையத்திலிருந்து போர்ட்ரீக்குக் காரில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிளாஸ்கோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. ஸ்கை பாலத்தில் 2004 டிசம்பரிலிருந்து சுங்கம் இல்லை. மாலேக்கிலிருந்து ஆர்மடேலுக்குக் கப்பலும் உண்டு. அதற்கு முன்பதிவு நல்லது. இந்திய ஓட்டுநர் உரிமத்தில் 12 மாதம் வரை ஓட்டலாம், நம்மைப் போல இடது பக்கம்தான். தீவில் பல சாலைகள் ஒற்றைத் தடம். எதிரே வருபவருக்கு ஒதுங்க இடையிடையே அகலமான இடங்கள் விட்டிருப்பார்கள். அதில் நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள்.

மாலை வேண்டுமென்றால் லண்டனிலோ கிளாஸ்கோவிலோ சொல்லி வாங்கி வாருங்கள். தீவில் கட்டிய மாலை எதிர்பார்க்க முடியாது. புடவைக்கு அடியில் மலையேறும் ஷூ போடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். முந்தானைக்கு ஊசி இரட்டிப்பாக.

9. கல்யாணம் முடிந்ததும்

இருவரும், இரண்டு சாட்சிகளும், நடத்தி வைப்பவரும் கறுப்பு மையில் ஷெட்யூலில் கையெழுத்திட வேண்டும். மழை தூறினால் காருக்குள் வைத்துப் போடுங்கள். ஈரத் தாளில் மை ஓடும். கையெழுத்தான தாள் 3 நாளுக்குள் பதிவாளரிடம் திரும்பிச் சேர வேண்டும். தேனிலவு என்று அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேறு தீவுக்குப் போய்விடாதீர்கள். யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதை அன்றே பேசி முடியுங்கள்.

பதிவானதும் சான்றிதழ் நகல் கிடைக்கும். ஒன்றோடு நிற்காமல் கூடுதலாக இரண்டு வாங்குங்கள். இந்தியாவில் பயன்படுத்த வேண்டுமானால் பிரிட்டன் அரசின் சட்டபூர்வ ஆவண அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரை போட வேண்டும். இந்தியா அதை ஏற்கிறது. பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் சேர்க்க, துணை விசாவுக்கு, வங்கியில் கூட்டுக் கணக்குக்கு இதைத்தான் கேட்பார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு தபாலில் அனுப்பியும் போடலாம், ஆனால் அசல் சான்றிதழ் கடல் கடந்து போய் வர வேண்டும். பிரிட்டனில் இருக்கும் நண்பர் முகவரிக்கு அனுப்பச் சொல்லி, அவர் மூலமாகவே முத்திரையை முடித்துவிட்டால் ஒரு தபால் மிச்சம்.